என் கையைக் கெடுத்த மாப்பிள்ளை

ஜன்னலை இன்னுங் கொஞ்சம் திறந்து விடு தாயி. முன் சீட்டுக்காரன் பாக்கை மென்னுக்கிட்டே வர்றான், அந்த வாடை குடலைப் பிரட்டுது. முன்னெல்லாம் எனக்கு இப்படிக் கிடையாது. நாத்தம்னா என்னன்னே தெரியாம இருந்தவ நான். இப்ப கொஞ்ச மாசமாத்தான். எல்லாம் எங்க மாப்பிள்ளை செஞ்ச வேலை.

சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன்.

கோயமுத்தூருக்குத்தான் போறேன், மக வீட்டுக்கு. பேத்தியைப் பாக்கப் போறேன்னு வெளிய சொல்லிக்கிட்டாலும், நான் போறது மாப்பிள்ளையை நாலு வார்த்தை கேக்கத்தான். முகத்துக்கு நேரா நிக்க வச்சுக் கேக்கப் போறேன். மாமியாக்காரி மாப்பிள்ளைகிட்ட எதுத்துப் பேசலாமான்னு நீ நெனைப்ப. பேசக் கூடாதுதான். ஆனா அவரு மாமியா முன்னால செஞ்சதுல எது செய்யக்கூடியதா இருந்துச்சு?

எனக்குக் கோவில்பட்டி. பேரு கோமதி. எங்க வீட்டுல அவுக பஞ்சு மில்லுல மேஸ்திரியா இருந்து ஓய்வு வாங்கினவுக. ஒரே மக, செண்பகம். கம்ப்யூட்டர் படிச்சவ. மாப்பிள்ளை சுதாகர், விளாத்திகுளம் பக்கம், மோட்டார் பம்பு கம்பெனியில படம் வரையுற வேலை. நல்ல இடம்னுதான் குடுத்தோம். கல்யாணத்தன்னைக்கே எனக்கு ஒரு சந்தேகம் தட்டுச்சு. பந்தியில இவரு எந்திரிச்சுப் போயி எச்சி இலையைத் தானே எடுத்துப் போட்டாரு. மாப்பிள்ளைக் கோலத்துல இருக்கிறவரு! ஏதோ முறை தெரியாம செய்யிறாருன்னு விட்டுட்டேன்.

மகளுக்குத் தலைப்பிரசவம் நம்ம வீட்டுலதான பாக்கணும்? எல்லாம் எடுத்து வச்சிருந்தேன். அவளுக்குப் பிரசர் ஏறிப் போயி, பஸ்ஸு ரயிலு எதுலயும் ஏறக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. சம்பந்தியம்மா உசுரோட இல்லை. சரி, நாம போயிருவோம்னு கிளம்பிட்டேன். சும்மா போயிரல. அவுகளுக்குப் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ஊறுகாய், மாவு எல்லாம் ஆக்கி அரைச்சு வச்சிட்டு, எது எந்த டப்பாவுலன்னு சொல்லிட்டுத்தான் போனேன். அவுக சமையக்கட்டுக்குள்ள வந்தது கிடையாது. தண்ணி குடிக்கக்கூட வந்ததில்லை. நல்ல மனுசர். குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது. அதைச் சொல்லிரணும்.

ஆபரேசன் பண்ணித்தான் பிள்ளையை எடுத்தாக. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் இருக்கும். காலையில எந்திரிச்சுப் பாக்கேன், பாத்ரூம் கதவு திறந்து கிடக்கு. மாப்பிள்ளை கைலியைத் தூக்கிக் கட்டிக்கிட்டுக் குத்த வச்சிருக்காரு. முன்னால வாளி. வாளித் தண்ணி செக்கச் செவேல்னு இருக்கு. என் மக நைட்டி, உள்பாவாடை... இதுக்கு மேல நான் எப்படிச் சொல்ல? தீட்டுத் துணி தாயி. கையை விட்டுக் கசக்கிக்கிட்டு இருக்காரு.

எனக்கு அடிவயித்துல இருந்து ஓங்கரிச்சிக்கிட்டு வந்துச்சு. "விடுங்க மாப்ள! என்ன கருமம் இது"ன்னு கத்திட்டேன்.

அவரு திரும்பிப் பாத்துச் சாவகாசமாச் சொல்றாரு, "சுடுதண்ணி ஊத்துனா கறை பிடிச்சுக்கிடும் அத்தை. பச்சத் தண்ணியில கல்லுப்பு போட்டு ஊற வச்சா போயிரும். எங்கம்மா துணியையும் நான் அப்படித்தான் அலசுவேன்."

கேட்டியா? பெத்த தாயோட துணியை! அந்தம்மா படுக்கையில கிடந்தப்போ இவருதான் குளிப்பாட்டி, துடைச்சு, எல்லாம் பாத்தாராம். அதை வெக்கமில்லாம மாமியாகிட்டச் சொல்றாரு. நான் வாளியைப் பிடுங்கப் போனேன். தரலை. "நீங்க பிள்ளையைப் பாருங்க அத்தை, நான் முடிச்சிட்டு வாரேன்"னு மறுபடியும் குனிஞ்சிட்டாரு. அந்தச் செவப்புத் தண்ணியும் அவரு கையும், இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. ஒரு ஆம்பளை கை அதுல கிடக்கலாமா? எவ்வளவு அருவருப்பா இருந்துச்சு தெரியுமா?

பூண்டுக் குழம்பு வைக்கிறது அவரு. பிள்ளைக்கு மூத்திரத் துணி மாத்துறது அவரு. தரை துடைக்கிறது அவரு. என் மக கட்டிலைவிட்டு இறங்கினா, "மெதுவா"ன்னு ஓடி வந்து தாங்குறது அவரு. கம்பெனியில லீவு போட்டிருந்தாரு. நான் எதுக்கு அங்க? உக்காந்தா, எந்திரிச்சா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. வேலை இல்லாம இருந்து பழக்கமில்ல பாரு.

ஒரு நாள் சாயங்காலம் தோசைக்கல்லைப் போட்டாரு. "உக்காருங்க அத்தை, சூடாத் தாரேன்"னாரு. நீங்க சாப்பிடுங்க, நான் கடைசியில ஊத்திக்கிறேன்னேன். விடல. சேரை இழுத்துப் போட்டு உக்கார வச்சிட்டாரு. நான் உக்காந்திருக்கேன், மாப்பிள்ளை நின்னுக்கிட்டுத் தோசை சுடுறாரு. களவெடுத்து மாட்டுனவ மாதிரி தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தேன். முதல் தோசை வந்துச்சு. அதைத் தின்னு முடிக்க முன்னாடியே, "அடுத்தது முறுகலா வேணுமா, மெத்துன்னு வேணுமா அத்தை?"ன்னு கேட்டாரு.

எனக்கு எது பிடிக்கும்னு எனக்குத் தெரியல தாயி. எங்க வீட்டுல அவுகளுக்கு முறுகலு. செண்பகத்துக்கு மெத்துன்னு, நெய்யி ஊத்தி. எனக்குக் கல்லுல என்ன மிஞ்சுதோ அது. பிய்ஞ்சது, கருகுனது, கடைசி மாவுல ஊத்துன கட்டித் தோசை. அதை நின்னுக்கிட்டே பிச்சுப் போட்டுக்கிடுவேன். அது நல்லாத்தான் இருக்கும், குறை ஒண்ணும் இல்ல. இந்த மனுசன் இப்படிக் கேட்டதும் எந்திரிச்சுப் போயிக் கையைக் கழுவிட்டேன். வயசானவளை இப்படியா அவமானப்படுத்துறது?

அன்னைக்கே மககிட்டச் சண்டை பிடிச்சேன். "ஏண்டி, ஆம்பளையை இப்படியா வேலை வாங்குவ? உனக்கே அசிங்கமா இல்லையா?"

அவ பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே சொல்றா, "நான் எங்கம்மா வாங்குனேன்? அவரு வீடு, அவரு பிள்ளை, அவரு பாக்காரு. உனக்கு வயித்துல ஆபரேசன் பண்ணுனப்போ அப்பா என்ன செஞ்சாரு?"

என்ன செய்யல? ஆஸ்பத்திரிக்கு வந்தாகளே! கர்ப்பப்பை எடுத்த மூணாம் நாளு வந்து, மல்லிப்பொடி எங்க இருக்குன்னு கேட்டுட்டுப் போனாக. பக்கத்து வீட்டுல இருந்து தூக்குவாளியில கஞ்சி வாங்கிட்டு வந்தாக. குடிச்சிட்டு நான்தான் வாளியைக் கழுவிக் குடுத்து விட்டேன். தையலு சுருக்குன்னு இழுத்துச்சு. அழுக்குத் தூக்கோட ரோட்டுல போனா மரியாதையாவா இருக்கும் அவுகளுக்கு?

எம் மகளுக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. அவகிட்டச் சொன்னதில்ல. அவளுக்கு மூணு வயசு இருக்கையில எனக்கு ரெண்டாவது உண்டாச்சு. ஆயுத பூசை அன்னைக்கு மில்லு ஆளுகளைச் சாப்பிட வரச் சொல்லியிருந்தாக. அடுப்புல வடை வெந்துக்கிட்டு இருக்கு, எனக்குக் காலோட ரத்தமா இறங்குது. நான் சத்தங் காட்டல. சாக்கை எடுத்துப் போட்டுத் தரையைத் தொடச்சேன். துணியை வச்சுக் கட்டிக்கிட்டேன். வடையை எடுத்துப் போட்டு, இலை போட்டு, அத்தனை பேருக்கும் பரிமாறி முடிச்சேன். வந்தவுக வடை நல்லா இருக்குன்னு கேட்டு வாங்கித் தின்னாக. ஒருத்தருக்குத் தெரியுமா? தெரியாது. எல்லாரும் போன பெறகுதான் போயிப் படுத்தேன். அவுக உள்ள வந்தாக. மூலையில நான் சுருட்டிப் போட்டிருந்த துணியைப் பாத்துட்டு மூக்கைச் சுளிச்சாக. "சீ, இதை எடுத்து அங்கிட்டுப் போடு. வீடெல்லாம் கவிச்சி அடிக்குது"ன்னாக. எந்திரிச்சுப் போயி எடுத்துப் போட்டேன்.

பெருமைக்குச் சொல்லலை. அப்படி இருந்தவ நான்ங்கிறதுக்குச் சொன்னேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வருமா அந்தப் பொறுமை?

என்ன தாயி, கண்ணு கலங்குது உனக்கு? தூசி விழுந்துட்டா? ஜன்னலைச் சாத்திக்கோ அப்பன்னா. எனக்குப் பரவாயில்ல.

எதுல விட்டேன்? ஆங். அவுக போன் போட்டாக. "எப்ப வர? வீடு வீடா இல்லை"ன்னாக. நானும் இதுதான் சாக்குன்னு மகளை விட்டுட்டுக் கிளம்பிட்டேன். பிள்ளை பிறந்து ஒரு மாசங்கூட ஆகல. மாப்பிள்ளைதான் பஸ் ஏத்தி விட்டாரு. தண்ணி பாட்டிலு, பழம் எல்லாம் வாங்கிக் குடுத்து, "உடம்பைப் பாத்துக்கிடுங்க அத்தை"ன்னாரு. நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். அவ்வளவு வெறுப்பு.

வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கேன், குப்புன்னு அடிக்குது. பல்லைக் கடிச்சுக்கிட்டு உள்ள போனேன். தொட்டி நிறைய ஏனம். நான் போன அன்னைக்குக் காலையில அவுக தின்ன தட்டு அடியில கிடக்கு. அதுக்கு மேல மேலன்னு ஒவ்வொண்ணா. வீட்டுல இருந்த அத்தனை தட்டும், கிண்ணமும், மூடியும். மூடியில வச்செல்லாம் தின்னுருக்காக, ஒண்ணு கழுவல. புழு நெளியுது தாயி. வெள்ளை வெள்ளையா, கரண்டிக் காம்புல ஏறுது. மாவு பொங்கி வழிஞ்சு காஞ்சு கிடக்கு. பாத்ரூமுல வாளியில அவுக துணி ஊறி ஊறி, தண்ணி கறுத்துப் போயி, அது ஒரு நாத்தம். கட்டிலுக்கு அடியில வெத்தலை துப்புற டப்பா. அது தளும்பி நிக்குது.

அவுக சேர்ல உக்காந்து பேப்பர் பாத்துக்கிட்டிருந்தாக. தலையைத் தூக்கிப் பாத்து, "வந்துட்டியா? காப்பி போடு"ன்னாக.

அந்த டப்பாவைத்தான் முதல்ல எடுத்தேன். கல்யாணம் ஆன மறுநாள்ல இருந்து தினம் காலையில நான் கொண்டு போயி ஊத்தி, கழுவி வைக்கிற டப்பா. சாம்பலைப் போட்டுக் கையாலதான் தேய்ப்பேன். ஒரு நாள் ஒரு பொழுது முகம் சுளிச்சதில்ல. அன்னைக்கு எடுத்தேன் பாரு, வாசலைத் தாண்டல. அங்கனயே வாந்தி. குடலே வெளிய வந்துரும்போல. டப்பா கையைவிட்டு நழுவித் தரையெல்லாம்... சரி விடு, நீ சாப்பிடப் போற பிள்ளை.

எல்லாத்தையும் மூக்குல துணியைக் கட்டிக்கிட்டுக் கழுவி முடிச்சேன். அன்னைக்கோட சரியாப் போயிரும்னு நெனைச்சேன். பஸ்ல வந்த அலுப்புன்னு நெனைச்சேன்.

மறுநாள் மத்தியானம் அவுக சாப்பிட்டு எந்திரிச்சாக. அவுக சாப்பிட்ட தட்டுலதான் நான் சாப்பிடுவேன், எப்பவும் அப்படித்தான். எங்கம்மா சொல்லி விட்டது. தட்டு ஓரத்துல கடிச்சுப் போட்ட முருங்கைக்காய்ச் சக்கை கிடக்கு. மோருல அவுக வெத்தலைச் செவப்பு லேசா ஓடுது. அதுல சோத்தைப் போடப் போறேன், கை அந்தரத்துல நிக்குது. என் கைதான், நான் சொல்றதைக் கேக்க மாட்டேங்குது. எந்திரிச்சுப் போயி வேற தட்டு எடுத்தேன்.

அத்தனை வருசத்துல நான் என்ன உடுத்தினேன், எப்ப இளைச்சேன், எப்ப நரைச்சேன் ஒண்ணும் அவுக கவனிச்சதில்ல. அந்தத் தட்டை மட்டும் கவனிச்சிட்டாக.

"ஏன், இந்தத் தட்டுக்கு என்ன?"

"அருவருப்பா இருக்கு"ன்னேன். நெசமா நான் அதைச் சொல்ல நெனைக்கல தாயி. வாய்க்குள்ள வேற பதிலு வச்சிருந்தேன். இது முந்திக்கிச்சு.

அவுக முகம் செத்துப் போச்சு. "எம் எச்சி உனக்கு அருவருப்பா? யாருகிட்டப் பேசுறன்னு தெரியுதா?" மன்னிச்சிருங்கன்னு சொல்லியிருக்கலாம். அதுவும் வரல.

அதுக்குப் பெறகு டாக்டரைப் பாத்தோம். வயித்துப் புண்ணுன்னு மாத்திரை குடுத்தாக. ஒண்ணுங் கேக்கல. மந்திரிச்சுப் பாத்தோம். திருநீறு போட்டவன், வெளியூர்ல கை நனைச்ச எடத்துல யாரோ என்னமோ குடுத்திருக்காகன்னான். எனக்கு உடனே அந்தத் தோசைதான் ஞாபகம் வந்துச்சு.

ஆக்கிப் போடுறதெல்லாம் ஆக்கிப் போட்டேன், குறை வைக்கல. அவுக தின்ன தட்டையும் அந்த டப்பாவையும் மட்டும் தொட முடியல. சரி, தானே கழுவிக்கிடுவாகன்னு பாத்தேன். என்ன செஞ்சாகங்கிற? கடைக்குப் போயி ஒரு கட்டுப் பேப்பர் தட்டு வாங்கிட்டு வந்துட்டாக! தின்னுட்டு வாசல்ல எறிஞ்சிருவாக. நாயி இழுத்துக்கிட்டுத் தெருவெல்லாம் போட்டுச்சு. டப்பா நிறைஞ்சதும் பெயிண்டு வாளி ஒண்ணு கொண்டாந்து வச்சாக. அதுவும் நிறைஞ்சதும் இன்னொண்ணு. கட்டிலைச் சுத்தி மூணு நிக்குது, ஈ மொய்க்குது. அதுக்கு நடுவுல படுத்து நல்லாத் தூங்குறாக. நான் கூடத்துல தலைவாசப் பக்கம் பாயைப் போட்டுக்கிட்டேன். இந்தக் கருமத்தை என்னன்னு சொல்ல? ஒரு கை தண்ணி ஊத்தினா முடிஞ்சு போற வேலை. அவ்வளவு நாத்தத்தையும் பொறுத்துக்கிடுவாகளாம், அதை மட்டும் செய்ய மாட்டாகளாம்.

கடைசியில அவுக அக்காவுக்குச் சொல்லி அனுப்பினாக. எனக்கு மதினி. சங்கரன்கோவில்ல இருந்து வந்து எறங்குனாக. எழுபது வயசுக்கு மேல. வந்ததும் வராததுமா ஏச்சு. "புருசன் எச்சி அருவருக்குதாம், பெரிய மகாராணி"ன்னு சொல்லிக்கிட்டே சேலையை இழுத்துச் செருகிட்டு அந்த வாளியைத் தூக்குனாக. ரெண்டு கையிலயும் ரெண்டு. நான் பின்னாலயே போனேன். கொல்லையில சாய்க்கும்போது பாக்கேன், மதினிக்கு உடம்பு குலுங்குது. முந்தானையை வாயில திணிச்சிக்கிட்டாக. கண்ணுல தண்ணி கொட்டுது. ஓங்கரிக்கிறாக, அடக்குறாக, மறுபடி ஓங்கரிக்கிறாக.

"என்ன மதினி, உங்களுக்குமா?"ன்னேன்.

என்னை முறைச்சுப் பாத்தாக. "பின்ன எனக்கு மட்டும் என்ன, மணக்கவா செய்யுது? எங்க வீட்டுக்காரரு படுக்கையில கிடந்து போற வரைக்கும் அள்ளுனேன். ஒரு நாள் சோறு இறங்கியிருக்குமா எனக்கு? மூச்சைப் பிடிச்சுக்கிட்டுச் செய்ய வேண்டியதுதான்டி. யாருகிட்டப் போயிச் சொல்ல?"

சொல்லிட்டு அங்கனயே துவைக்கிற கல்லுல உக்காந்துட்டாக. நான் தண்ணி மோந்து குடுத்தேன். வாயைக் கொப்பளிச்சாக. பெறகு, "நீ மக வீட்டுக்குப் போயி கொஞ்ச நாள் இருந்துட்டு வா. இங்க நானும் நாளைக்குக் கிளம்பிருவேன்"ன்னாக. உள்ள இருந்து அவுக, "அக்கா, காப்பி"ன்னு சத்தங் குடுத்தாக. மதினி எந்திரிக்கல. நானும் எந்திரிக்கல.

இன்னைக்குக் காலையில பையை எடுத்தேன். அவுக வாசல்ல வந்து நின்னாக. உனக்கு என்ன செய்யுதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் பையைக் கீழ வச்சிருப்பேன். சத்தியமாச் சொல்றேன். "அப்ப என் சாப்பாட்டுக்கு?"ன்னாக. பசிச்சா சாப்பிடுங்கன்னேன். எப்படிச் சாப்பிடுவாகன்னு பஸ் ஏறின பெறகும் மனசு அடிச்சுக்கிச்சு. சாத்தூர் தாண்டவும் நின்னு போச்சு.

பல்லடம் தாண்டிருச்சா? சிங்காநல்லூரு வந்துரும்.

இப்ப சொல்லு. நல்லாத்தான இருந்தேன் நான்? கண்ணை மூடிக்கிட்டு, மூக்கை மூடிக்கிட்டு எல்லாஞ் செஞ்சேன்ல? அந்த மாப்பிள்ளை அந்த வாளிக்கு முன்னால உக்காராம இருந்திருந்தா, அந்தத் தோசையை எப்படி வேணும்னு கேக்காம இருந்திருந்தா, நான் பாட்டுக்கு இருந்துட்டுப் போயிருப்பேன். அதைத்தான் கேக்கப் போறேன். ஏன்யா இப்படிச் செஞ்சீருன்னு.

உங்கிட்ட ஏன் இவ்வளவும் சொன்னேன் தெரியுமா? அவரு முன்னால போயி நின்னா எனக்குப் பேச்சு வராது. அதான் உங்கிட்டச் சொல்லிப் பழகிக்கிடலாம்னு பாத்தேன். எங்க? ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளையை ஏசத்தான் ஆரம்பிக்கேன், பேச்சு போயி எங்க வீட்டு மனுசன் மேலயே நிக்குது. எனக்கு ஏசக்கூட வரல பாரு.

எந்திரி தாயி, ஸ்டாண்டு வந்துருச்சு. அந்தா நிக்காரு பாரு, தூணு பக்கத்துல, நீலச் சட்டை. பிள்ளையை நெஞ்சோட துணி போட்டுக் கட்டிக்கிட்டு, தோள்ல பால் பாட்டிலு பையி. இத்தனை சனம் பாக்குது, ஆம்பளைங்கிற கூச்சம் கொஞ்சமாவது இருக்கா? கருமம். வெயில்ல எவ்வளவு நேரமா நிக்காரோ தெரியலயே. தள்ளு தாயி, தள்ளு, நான் முதல்ல இறங்கிக்கிறேன்.